சிறையில் மூன்றாம் ராத்திரி

ரிமாண்டில் வந்து மூன்றாம் நாள் ராத்திரி அந்த அக்கா போர்வையை உதறிக்கொண்டே இருந்தாராம். எறும்பு ஊருது, எறும்பு ஊருது என்று ஒரே புலம்பல். போர்வையில் எறும்பே இல்லை. விடிவதற்குள், செத்துப்போன மாமியாரோடு பேச ஆரம்பித்துவிட்டார். கூட இருந்த பெண்கள் பேய் பிடித்துவிட்டதென்று மூலைக்கு ஒதுங்கினார்கள். காவலுக்கு இருந்தவரோ, ஜாமீனுக்காக நடிக்கிறாள் என்று நினைத்தார். காலையில் நான் போனபோது உடம்பு நெருப்பாய்ச் சுட்டது, கை நடுங்கியது, தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. பல வருஷமாகத் தினமும் குடித்தவர், கைதான நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூட இல்லாமல் இருந்திருக்கிறார். அவ்வளவுதான் காரணம். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோனதால் பிழைத்தார். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர் அவர்.

நான் மனநல சமூகப் பணியாளர். பாலக்காட்டு எல்லையில், தமிழ் பேசும் பெண்கள் அதிகம் வந்துசேரும் சிறைப் பகுதிகளுக்குப் பல வருஷமாகப் போய்வருகிறேன். இங்கே சொல்வது யாரையும் அடையாளம் காட்டாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடியை நிறுத்திய ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இந்த எறும்பு, குழப்பம், காய்ச்சல் எல்லாம் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். இத்தனைக்கும் இதற்கான மருந்து ஒன்றும் அபூர்வமானதல்ல. குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம், லோராசிபாம் போன்ற மாத்திரைகளை மருத்துவர் அளவு பார்த்துத் தொடங்கி, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார். கூடவே தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசி. சோர்ந்து கிடப்பவருக்கு முதலில் குளுக்கோஸ் ஏற்றிவிடக் கூடாது. உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பி1-ஐயும் குளுக்கோஸ் செலவழித்துவிடும், மூளை பாதிக்கும். தயமினைக் கொடுத்துவிட்டுத்தான் குளுக்கோஸ்.

ஆக, சிறைக்குள் வந்த அன்றே யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஏன் கேட்கவில்லை? பெண் குடிப்பாள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. 2019-ல் வெளியான மத்திய அரசின் போதைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். இந்தச் சின்ன எண்ணிக்கைதான் இவர்களை மறைத்துவிடுகிறது. சிறைவாசிகளிலும் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். குறைவு என்பதால் பல சிறைகளில் தனி மருத்துவர் கிடையாது, தனி வார்டு கிடையாது. ஆனால் அதே அளவு சாராயம் ஆணைவிடப் பெண்ணின் ரத்தத்தில் அதிகமாக ஏறும், அடிமையாகும் நிலைக்கும் அவள் சீக்கிரமாக வந்துவிடுகிறாள்.

கேட்கும் விதமும் முக்கியம். போலீஸ் பக்கத்தில் நிற்க, "குடிப்பியா?" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் சொல்வாள். நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன்: "வேலை முடிஞ்சு வந்தா உடம்பு வலிக்கு என்ன எடுப்பீங்க? தூக்கத்துக்கு என்ன பண்ணுவீங்க? கடைசியா எப்போ எடுத்தீங்க?" அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் ஆபத்து எந்த ராத்திரி வரும் என்று கணக்குப் போட முடியும். பக்கத்தில் காவலர் இருக்கக் கூடாது. பேச்சு தமிழில் இருக்க வேண்டும். மலையாளத்தில் கேட்டால் நம் பெண்கள் பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள், படிவத்தில் அதுவே பதிலாக ஏறிவிடும்.

இது என் சொந்த ஆசை மட்டுமல்ல. ஐ.நா. பொதுச்சபை 2010-ல் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகளில், பெண் கைதியின் முதல் மருத்துவப் பரிசோதனையிலேயே போதைப் பழக்கத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது 6-வது விதி. அவள் முன்பு பட்ட கொடுமைகள், கர்ப்பம், குழந்தைகள் இவற்றைக் கணக்கில் எடுத்த சிறப்புச் சிகிச்சை வேண்டும் என்கிறது 15-வது விதி. நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

எங்கள் எல்லைக்கென்று ஒரு சிக்கல் உண்டு: கள்ளு. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் கள்ளு ஷாப்பு திறந்திருக்கும். (கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் கள்ளு பெரும்பாலும் போவது பாலக்காட்டுச் சித்தூரிலிருந்துதான்.) நல்ல கள்ளு ஒரு பக்கம் இருக்க, டயசிபாம் போன்ற தூக்க மாத்திரை கலந்த கள்ளும் பிடிபட்டிருக்கிறது. கலந்ததைக் குடித்தவருக்கு, தான் மாத்திரைக்கு அடிமை என்பதே தெரியாது. டயசிபாம் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். அதனால் முதல் மூன்று நாள் தாண்டியாயிற்று என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில், ஒரு வாரம் கழித்துக்கூட வலிப்பு வரலாம். "எந்த ஷாப்புல குடிச்சீங்க, குடிச்ச உடனே தூக்கம் தள்ளுமா?" என்று அதனால்தான் கேட்கிறேன்.

ஹெராயின், வலி மாத்திரை ஊசி என்று வருபவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கவனம் அதிகம் வேண்டும். இவற்றால் பலருக்கு மாதவிலக்கு நின்றுபோயிருக்கும். இனி பிள்ளை தங்காது என்று நினைத்திருப்பார்கள். சிறைக்கு வந்த பிறகு ஐந்தாம் மாதம் என்று தெரிய வந்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிக்கு இந்த வகைப் போதையைத் திடீரென்று நிறுத்துவது கருவையே பாதிக்கும், குறைப்பிரசவம் ஆகலாம். புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தைக் கொடுத்து பிரசவம் வரை நிதானமாகக் கொண்டுபோக வேண்டும். "தப்பு செஞ்சவ, கஷ்டப்படட்டும்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். வயிற்றில் இருக்கும் பிள்ளை என்ன தப்பு செய்தது?

உடம்பு தெளிந்த பிறகுதான் உண்மையான வேலை. கணவனின் அடி, சின்ன வயதில் சொந்தக்காரர் செய்த கொடுமை, செத்த பிள்ளை. இதெல்லாம் வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் முதல் ஊசியைப் போட்டுவிட்டதே புருஷனாகவோ கூட வாழ்ந்தவனாகவோ இருப்பான், அதுவும் அவன் போட்டு முடித்த ஊசியை. எச்.ஐ.வி.யும் மஞ்சள்காமாலை சி வகையும் பார்த்தே ஆக வேண்டும்.

நேரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ரயிலில் பாலக்காடு வழியாகக் கஞ்சா கொண்டுவரப் பெண்களைக் கூலிக்குப் பிடிக்கிறார்கள். 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-வது பிரிவால் ஜாமீன் லேசில் கிடைக்காது. வருஷக்கணக்கில் உள்ளே இருக்கும் இவர்களில் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் காலம் முழுக்கச் சும்மா கழிகிறது.

சின்ன அளவோடு பிடிபட்டவருக்கு வேறு வழியும் உண்டு. அதே சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, போதைக்கு அடிமையானவர் என்றால், அவர் சம்மதத்தோடு, தண்டனைக்குப் பதிலாக அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு நீதிமன்றம் அனுப்பலாம். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவரை வழக்கிலிருந்து காக்க 64ஏ பிரிவு இருக்கிறது. வக்கீல் கேட்டால்தான் நடக்கும். பெண்ணுக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உரிமை உண்டு, 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

எனக்கு அதிகப் பயம் தருவது விடுதலையாகும் சாயங்காலம். ஜாமீன் உத்தரவு வந்துசேர மாலை ஆகிவிடும். கையில் மருந்து இல்லை, பொள்ளாச்சிக்குப் பஸ் கிடைப்பது சந்தேகம், வாசலில் காத்திருப்பவன் பழைய கூட்டாளி. மாதக்கணக்கில் போதை இல்லாத உடம்பு தாங்கும் அளவு குறைந்திருக்கும். பழைய அளவையே ஊசியில் ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில்தான் இந்தச் சாவுகள் அதிகம்.

இதில் எல்லை வேறு குறுக்கே நிற்கிறது. சிறை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். மருந்துச் சீட்டு மலையாளத்தில் இருந்தால் அங்கே யார் படிப்பார்கள்? அதனால் தேதி தெரிவதற்கு முன்பே தமிழில் ஒரு தாள் எழுதிவைக்கச் சொல்கிறேன். மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், அடுத்து எந்த ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் கேரள அரசின் போதை மீட்புக்கான விமுக்தி மையம், அந்தப் பக்கம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. புப்ரெனார்ஃபின் மருந்துக்கடையில் சும்மா கிடைக்காது என்பதால் முன்கூட்டியே கடிதம் போக வேண்டும். பார்க்க வரும் அம்மாவிடமோ மகளிடமோ அப்போதே பேசிவைக்க வேண்டும். அவர்களிடம் இன்னொன்றும் சொல்வேன்: குடியை மறக்கடிக்கும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்காதீர்கள். தெரியாமல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

அந்தத் தென்னந்தோப்பு அக்கா வெளியே போகும் முன் என்னிடம் கேட்டார், "அந்த எறும்பு மறுபடியும் வருமா?" மறைக்காமல் சொன்னேன். "குடிக்காம இருந்தா வராது. திரும்பக் குடிச்சுட்டு ஒரேயடியா நிறுத்தினா, போன தடவையைவிட மோசமா வரலாம். அப்படிக் குடிச்சுட்டீங்கன்னா வெட்கப்பட்டு வீட்டுல கிடக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க." கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், மகளின் நோட்டில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார்: போதை மறுவாழ்வு உதவிக்கு 14446, மன நெருக்கடிக்கு 14416.