அது அந்தச் சீட்டு இல்லை, அக்கா

"மகன் சீட்டுக்குக் காசு கட்டியிருக்கிறான் தம்பி. பிடிப்பவர் யார் என்று கேட்டால் வாயைத் திறக்கிறான் இல்லை" என்று சொல்லிக்கொண்டே அந்த அக்கா கடைக்குள் வந்தார். மட்டக்களப்பு நகரில் கணினியும் கைத்தொலைபேசியும் திருத்துவது என் தொழில். அழிந்துபோன கலியாணப் படங்களை மீட்டுத் தரச் சொல்லி வருவோர் உண்டு. சீட்டுக் காசை மீட்டுத் தரச் சொல்லி வந்தவர் அவர்தான் முதல் ஆள். பின்னால் நின்ற மகன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவன், தலையைக் குனிந்தபடி கைத்தொலைபேசியை நீட்டினான். திரையில் ஸ்பிளிண்டர்லாண்ட்ஸ் திறந்திருந்தது. பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுப் பதிவேட்டில் ஓடும், வெகுமதி தரும் சீட்டு விளையாட்டு அது.

மாதாமாதம் காசு கட்டும் ஊர்ச் சீட்டுக்கும் இந்த விளையாட்டுச் சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அக்காவுக்கு விளக்க அரை மணி நேரம் எடுத்தது. ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகளும் இதையே கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

304 என்ற நம் ஊர்ச் சீட்டாட்டம் ஆடத் தெரிந்தவருக்கு இந்த விளையாட்டின் சுவை உடனே பிடிபடும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11 என்று மனதில் கணக்கு ஓட, எதிராளி துரும்பை எங்கே ஒளித்திருக்கிறான் என்று யோசிப்போமே, அதே மூளைதான் இங்கும் வேலை செய்கிறது. ஸ்பிளிண்டர்லாண்ட்ஸில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 'மானா' என்றோர் உச்சவரம்பு உண்டு. அதற்குள் ஒரு தலைவனையும் ஆறு பேர் வரையான படையையும் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்த வேண்டும். சிறப்புத் திறன் எதுவும் இல்லாத வாள் வீரன் முதலிடத்தில் நின்றால்தான் வெட்டுவான். வில்லாளியைக் கொண்டுபோய் முதலிடத்தில் நிறுத்தினால் சும்மா நின்று அடி வாங்குவான். மந்திரக்காரனின் அடியோ கவசத்தைத் தாண்டி நேரே உயிரில் இறங்கும். படையை ஒப்படைத்துவிட்டால் சண்டை தானாக நடக்கும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம். எனக்கே இரண்டு இரவுத் தூக்கம் போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 304இல் கட்டு பொது. கடைக்காரன் மகனுக்கும் கடற்றொழிலாளி மகனுக்கும் ஒரே கட்டிலிருந்துதான் சீட்டு விழும். இங்கே அவரவர் கட்டை அவரவர் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டும். அந்தச் சீட்டுகள் பிளாக்செயினில் உங்கள் கணக்கில் பதிவாகின்றன. விற்கலாம், வாடகைக்கு விடலாம், ஒரே சீட்டின் பல பிரதிகளைச் சேர்த்துத் தரம் உயர்த்தலாம். அப்படித் தரம் உயர்த்தியவன் எதிரே வந்தால், புதியவனின் கெட்டித்தனம் ஓரளவுக்குத்தான் எடுபடும். தம்பியும் இதைத்தான் சொன்னான்: "முதல் கிழமை நன்றாக வென்றேன் அண்ணா. பிறகு நல்ல சீட்டு இல்லாமல் ஏற முடியவில்லை." 10 டொலர் கொடுத்து நுழைவதற்கான 'ஸ்பெல்புக்'கை வாங்கியவன், அதன்பின் கட்டாரில் உள்ள மாமாவிடம் கேட்டுக் கேட்டுச் சீட்டுகள் வாங்கியிருக்கிறான்.

அக்கா கேட்ட ஒரு கேள்வியை மட்டும் அந்தப் பிள்ளை அதுவரை யாரிடமும் கேட்டிருக்கவில்லை: "வெல்லுகிறவனுக்கு யார் தம்பி காசு கொடுக்கிறது?" ஊர்ச் சீட்டில் அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். இங்கே வெகுமதி ரூபாயாக வருவதில்லை, விளையாட்டு வெளியிடும் டோக்கன் எனும் மெய்நிகர் நாணயமாகவும் சீட்டாகவும் வருகிறது. அதை வாங்க இன்னொருவர் இருந்தால்தான் அதற்கு விலை. பெரும்பாலும் அந்த இன்னொருவர், பின்னால் வந்து சேரும் புதிய ஆட்டக்காரர். ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற இன்னொரு பிளாக்செயின் விளையாட்டு வெகுமதியாகத் தந்த எஸ்எல்பி டோக்கன் 2021இல் 30 அமெரிக்க சதத்துக்கு மேல் விலை போனது. 2022இல் ஒரு சதத்துக்கும் கீழே இறங்கியது. விளையாடியவர்களின் திறமை அந்த இடைவெளியில் குறைந்துவிடவில்லை, வாங்குவோர்தான் குறைந்தார்கள். அதே விளையாட்டின் கொடுக்கல் வாங்கல் நடக்கும் ரோனின் வலையமைப்பில் 2022 மார்ச்சில், அவற்றை உறுதிசெய்யும் ஒன்பது சரிபார்ப்புச் சாவிகளில் ஐந்தைக் கைப்பற்றியவர்கள் 60 கோடி டொலருக்கு மேல் அள்ளிக்கொண்டு போனார்கள். நிறுவனத்துக்கே அது தெரியவர ஆறு நாள் சென்றது.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் நாணயம் இலங்கையில் சட்டமுறை நாணயம் அல்ல என்று மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரையின்படி, அத்தகைய கொடுக்கல் வாங்கலுக்கு வங்கியின் டெபிட், கிரெடிட் அட்டைகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை. அம்மாவின் அட்டையைக் கேட்கும் பிள்ளைகள் இதை முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்தத் தம்பிக்கு நடந்தது. அவனது கணக்கு, ஸ்பிளிண்டர்லாண்ட்ஸ் ஓடும் ஹைவ் என்ற பிளாக்செயினில் இருந்தது. அங்கே ஒரு கணக்குக்குக் கடவுச்சொல் போன்ற பல சாவிகள். விளையாட 'போஸ்டிங்' சாவி போதும். காசையும் சீட்டையும் இடம் மாற்றுவது 'ஆக்டிவ்' சாவி. கணக்கையே மாற்றக்கூடியது 'ஓனர்' சாவி. டெலிகிராம் குழுவில் "அண்ணன்" என்று பழகிய ஒருவர், நிலுவையில் உள்ள வெகுமதியை எடுத்துத் தருவதாகச் சொல்லி ஆக்டிவ் சாவியைக் கேட்டிருக்கிறார். இவனும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். ஹைவ்வில் யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அதிகாலை 2.14க்கு ஒரு வரி, அதன் கீழ் இன்னொரு வரி. மூன்று வினாடிக்கு ஒரு தொகுதிப் பதிவுகள் எழுதப்படும் சங்கிலி அது. ஒரு நிமிடத்துக்குள் அத்தனை சீட்டும் வேறு கணக்கில். "இதைத் திருப்பி எடுக்க முடியாதா?" என்று அக்கா கேட்டார். திருப்பி எடுக்கும் பொத்தான் பிளாக்செயினில் இல்லை. முறைப்பாடு செய்யலாம், செய்யவும் சொன்னேன். ஆனால் காசு வரும் என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அவர்களிடம் கூலியும் வாங்கவில்லை.

தொடங்கத்தான் போகிறேன் என்று நிற்பவருக்கு என் அறிவுரை: காசு போடாமல் ஒரு மாதம் ஆடுங்கள். காட்ஸ் அன்செயின்ட் போன்ற இதே வகை விளையாட்டுகள் இலவசமாகத் தரும் ஆரம்பச் சீட்டுகளை விற்க முடியாது, ஆனால் ஆடக் கற்றுக்கொள்ளப் போதும். அந்த மாதம் முடிந்தும் ஆட்டம் பிடித்திருந்தால், வாங்குவதற்கு முன் வாடகைக்குச் சீட்டு எடுத்துப் பாருங்கள். போடும் தொகை படகுச் சவாரிக்கோ படத்துக்கோ கொடுக்கும் காசைப் போலப் போனது போனதுதான் என்று இருக்கட்டும். ஆட்டம் பிடிக்கவில்லை, வெகுமதிக்காக மட்டும் ஆடுகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்கு எங்கள் கடையிலேயே வேலை இருக்கிறது. சாவிகளையும், டோக்கன் வைக்கும் மெய்நிகர் பணப்பையைத் திறக்கும் 12 அல்லது 24 சொற்களையும் திரையோடு படம் பிடித்துக் கைத்தொலைபேசியில் வைக்க வேண்டாம். கல்லடிப் பாலத்தில் படம் எடுக்கப்போய் வாவிக்குள் விழுந்த கைத்தொலைபேசிகள் எத்தனை என் மேசைக்கு வந்திருக்கின்றன என்று எனக்குத்தான் தெரியும்.

தம்பி புதுக் கணக்குத் திறந்தான், இம்முறை காசு போடாமல். சாவிகளை என் கண் முன்னால் கொப்பித் தாளில் எழுதினான். எழுத்து எழுத்தாக நான் வாசிக்க, அவன் சரிபார்த்தான். அக்கா அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்தார். அவர்கள் நாவலடிப் பக்கத்தவர்கள். 2004இல் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கடலோடு போன வீடு. அதன்பின் முக்கியமான தாள் எல்லாம் ஒரே பொலித்தீன் பைக்குள், அலுமாரியின் மேல்தட்டில். "உறுதியோடு வைக்கிறேன்" என்றார். "விளையாட வேண்டுமென்றால் என்னிடம் கேட்டு எடு."

விளையாடுவதற்கு அந்தத் தாள் தேவையில்லை என்று தம்பிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் சொல்லவில்லை.