சிப் இல்லாத விடை அட்டை

"மாணவர்கள் ஆளுக்கொரு அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆசிரியர் போனை ஒரு சுற்றுக் காட்டியதும் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடுகிறது. அட்டைக்குள் சிப் இருக்கிறதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

இல்லை, வெறும் காகிதம்தான். பிளிக்கர்ஸ் என்ற செயலி இந்த வகை. அட்டையின் நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். நம் விடை மேலே வரும்படி பிடிக்க வேண்டும். நடுவில் உள்ள கறுப்பு வெள்ளை வடிவத்தை கேமரா கண்டுபிடித்துப் படித்துக்கொள்ளும். இதுவரை க்யூஆர் கோடு மாதிரிதான்.

அப்புறம் வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வடிவம் ஆளைச் சொல்கிறது, அது திரும்பியிருக்கும் பக்கம் விடையைச் சொல்கிறது. எப்படி? ஒரு தாளில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம் போடுங்கள். மேல் இடது மூலையை மட்டும் கறுப்பாக்குங்கள். தாளைக் கால் சுற்று திருப்பினால் கறுப்பு மேல் வலதுக்குப் போகும், இன்னொரு கால் சுற்றில் கீழே இறங்கும். நான்கு திருப்பம், நான்கு தோற்றம், நான்கு விடை. ஆனால் மூலைவிட்டமாக இரண்டைக் கறுப்பாக்கினால் அரைச் சுற்றிலேயே பழைய தோற்றம் வந்துவிடும். எதிரெதிர் விடைகள் குழம்பிப்போகும். அந்த அட்டை உதவாது. நான்கு கட்டத்தில் மொத்தம் 16 வடிவங்கள்; இப்படி அரைச் சுற்றில் மாறாத 4ஐக் கழித்தால் மிச்சம் 12. ஓர் அட்டையே நான்கு தோற்றங்களை எடுத்துக்கொள்வதால் 3 மாணவர்களுக்குத்தான் அட்டை கிடைக்கும்.

சரி, மூன்றுக்கு மூன்றாக்கினால்? மொத்தம் 512 வடிவங்கள். அரைச் சுற்றில் மாறாதவை 32. மிச்சம் 480ஐ நான்கால் வகுத்தால் 120 அட்டைகள்! ஒரே ஒரு வரிசை கூட்டியதற்கு இவ்வளவு பெரிய தாவல். ஆனால் நிழல் விழுந்து ஒரு கட்டம் தப்பாகத் தெரிந்தாலும் விடை வேறு மாணவர் கணக்கில் போய்விடலாம். அதனால் கட்டங்களைக் கூட்டி, ஒன்றுக்கொன்று பல கட்டங்களில் வேறுபடும் வடிவங்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு அட்டையும் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருப்ப முடியாது. தப்பாகச் சொன்னாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை. அந்தத் துணிச்சல்தான் முக்கியம். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் இதைத்தான் செய்தார்: முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி விடை. "விடை தெரிந்தவனைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான்" என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து, 2009இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பேசி முடித்ததும் அதே கருத்தில் வேறொரு கேள்வியைத் தனியாகக் கொடுத்தார்கள். முதலில் யாருக்குமே விடை தெரிந்திராத குழுக்களிலும் தேர்ச்சி கூடியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: கருவி வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, இப்படி வாதம் கிளப்பும் கேள்விகளை எழுத ஆசிரியர்களுக்கு நேரமாகக் கொடுங்கள். அட்டையைக் காகிதத்திலேயே அச்சடித்துக்கொள்ளலாம்.