பைக்கின் பின்சக்கரத்தில் கார் டயர்: ஒரு நீண்ட சர்ச்சையின் இயற்பியல்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் ஹோண்டா கோல்ட் விங் மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால், சிலவற்றில் தட்டையான கார் டயர் மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். 1832 சிசி எஞ்சினும் 400 கிலோவைத் தாண்டிய எடையும் கொண்ட இந்த வண்டியின் 2001 முதல் 2017 வரையிலான மாடல்களுக்கு உரிய பின்டயரின் அளவு 180/60 ஆர் 16 (அகலம் 180 மில்லிமீட்டர், சக்கரம் 16 அங்குலம்). அதைக் கழற்றிவிட்டு 195/55 ஆர் 16 போன்ற கார் டயரை மாட்டிக்கொள்பவர்கள் தங்களை ‘டார்க்சைடர்’கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். டயர் நிறுவனங்களும் வண்டித் தயாரிப்பாளர்களும் இது கூடவே கூடாது என்கிறார்கள். மாட்டியவர்களோ, பல்லாயிரம் மைல் ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். டயர் தாங்குமா என்பது ஒரு கேள்வி, வண்டி எதிர்பார்த்தபடி வளையுமா என்பது வேறொரு கேள்வி. இந்தச் சர்ச்சையில் ஒரு தரப்பு முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதற்கும் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.

செலவுக் கணக்கில் அவர்கள் சொல்வதை மறுக்க முடியாது. கனமான சுற்றுலா பைக்குகளில் பின்டயர் விரைவாகத் தேய்கிறது, விலையும் அதிகம். கார் டயரின் ரப்பர் கடினமானது, அதன் அகன்ற தட்டையான பரப்பு தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது, எனவே அது இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடுவதாக அவர்கள் சொல்வதில் வியப்பில்லை. சுமை தாங்கும் திறனிலும் குறையில்லை. கோல்ட் விங்கின் பின்டயரில் பொறித்திருக்கும் 74 என்ற குறியீட்டெண் 375 கிலோவைக் குறிக்கிறது. 195/55 ஆர் 16 கார் டயரில் வழக்கமாகக் காணும் 87 என்பது 545 கிலோ. பைக்கின் எடை அந்த டயருக்கு ஒரு பொருட்டே அல்ல.

சிக்கல் வளைவில்தான் தொடங்குகிறது. இரு சக்கர வண்டி வளைவில் சாய்ந்தே ஆக வேண்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டி ஏறத்தாழ 30 பாகை சாய்கிறது. அந்த நிலையில் டயர் தரையிலிருந்து பெற வேண்டிய பக்கவாட்டு விசை, அதன் மீதுள்ள எடையில் பாதிக்கும் சற்று மேல்.

மோட்டார் சைக்கிள் டயரின் குறுக்குவெட்டு வட்டவடிவில் இருப்பது இதற்காகத்தான். வண்டி சாயச் சாய, டயர் தரையைத் தொடும் இடம் உச்சியிலிருந்து பக்கவாட்டுக்குப் படிப்படியாக நகர்கிறது. 180 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரின் குறுக்குவட்டத்துக்கு 9 சென்டிமீட்டர் ஆரம் என்று வைத்துக்கொண்டால், 5 பாகைச் சாய்வில் தொடுமிடம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட விலகுவதில்லை. 30 பாகையில் நாலரை சென்டிமீட்டர் விலகுகிறது. 16 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான பரப்போ, அது இம்மியும் வளையாத பொருளாக இருந்தால், ஒரு பாகை சாய்ந்த உடனேயே விளிம்பில் போய் நிற்கும். அதாவது தொடுமிடம் ஒரே தாவலில் 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். உண்மையில் கார் டயரின் பக்கச்சுவர் நெளிந்து கொடுப்பதால் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் ஏதோ ஓரிடத்தில் அது அமைகிறது. வண்டிக்கு அடியில் கேமரா பொருத்தி எடுத்த படங்களில் இந்த நெளிவு நன்றாகத் தெரிகிறது: உள்பக்கச் சுவர் பிதுங்குகிறது, பரப்பின் வெளிப்பாதியில் எடை குறைகிறது, ஆனாலும் ரப்பரின் கணிசமான பகுதி தரையை விடாமல் பிடித்திருக்கிறது. கார் டயர் வளைவில் விளிம்பில் மட்டுமே நிற்கும் என்று எதிர்ப்பாளர்கள் சொல்வது மிகைதான்.

ஆனால் பிடிப்பு இருப்பதும் வண்டி இயல்பாகத் திரும்புவதும் ஒன்றல்ல. தொடுமிடம் சாயும் பக்கமாக நகர்ந்தால், தரையின் எதிர்விசை வண்டியை மீண்டும் நிமிர்த்தப் பார்க்கும். வட்ட டயரில் இந்த நிமிர்த்தும் விசை சாய்வுக்கு ஏற்ப மெல்ல வளர்கிறது. தட்டை டயரில் சாயத் தொடங்கும்போதே பெரிதாக வந்து நிற்கிறது. அதனால் வளைவு முடியும் வரை ஓட்டுபவர் உள்பக்கக் கைப்பிடியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நேர்ச்சாலையும் விதிவிலக்கல்ல. மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரத்தை நோக்கிச் சற்றே சரிவாகத்தான் அமைக்கிறார்கள். அந்தச் சிறு சரிவையும், லாரிச் சக்கரங்கள் பதித்த பள்ளத்தையும் தட்டை டயர் உணர்ந்து வண்டியை இழுக்கிறது. பழகிவிட்டால் தெரியாது என்று டார்க்சைடர்கள் சொல்கிறார்கள். பழக முடியும் என்பது உண்மையே. ஆனால், வளைவின் நடுவில் திடீரென்று விலக வேண்டிய நொடியில் அந்தக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதும் உண்மை.

இதை உணர்ந்து பார்க்கக் கார் டயரே தேவையில்லை. நெடுஞ்சாலையிலேயே பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய சாதாரண பைக் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிடும். அப்படிப்பட்ட டயர் முதலில் சாய மறுக்கும், தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். டயர் மாற்றிய அன்று வண்டி புதிதாகிவிட்டது போலத் தோன்றுவதற்கு இதுவே பாதிக் காரணம்.

வட்ட டயர் செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது. தேநீர்க் கடைக் காகிதக் கோப்பையைத் தரையில் உருட்டினால் அது நேராகப் போகாமல் வட்டமடிக்கும். சாய்ந்த வட்ட டயரும் தரையைத் தொடும் இடத்தில் அத்தகைய கூம்பின் துண்டாகவே செயல்பட்டு, சக்கரத்தைத் திருப்பாமலேயே பக்கவாட்டு விசையை உண்டாக்குகிறது. வளைவுக்குத் தேவையான விசையின் பெரும்பகுதி இப்படிக் கிடைத்துவிடுகிறது. கார் சாய்வதில்லை என்பதால், கார் டயரின் உள்ளிருக்கும் விறைப்பான எஃகுப் பட்டைகள் இதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. போகும் திசையிலிருந்து சக்கரம் சில பாகை விலகி உருளும்போதுதான் அது பக்கவிசை தருகிறது. ஆக, முன்சக்கரம் சாய்வினாலும் பின்சக்கரம் விலகி உருள்வதாலும் திரும்புகிற ஒரு வண்டி உருவாகிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்து வேலை செய்யும்வரை குறையில்லை. எந்தச் சக்கரம் எந்தக் கட்டத்தில் முதலில் வழுக்கும் என்பதுதான் யாரும் வடிவமைக்காத ஒன்றாகிவிடுகிறது.

ரிம் பற்றிய ஆட்சேபணை வேறு வகையைச் சேர்ந்தது. டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி பொதிந்த பகுதியை டயர்க் கடைகளில் பீட் என்பார்கள். உள்ளே காற்றடைத்த டியூபோடு ஓடிய காலம் போய் டியூப்லெஸ் வந்தபின், காற்றைப் பிடித்து வைப்பதே பீட்டும் ரிம்மும் பொருந்தும் அந்த இடம்தான். பைக் ரிம்மும் கார் ரிம்மும் இரண்டுமே 16 அங்குலம் என்று சொல்லப்பட்டாலும், பீட் உட்காரும் இடத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றல்ல. கார் டயரின் பீட் சரியாக உட்காராமல் கழன்று காற்று இறங்கிவிடக்கூடும் என்று ஹோண்டாவின் கையேடுகளே எச்சரிக்கின்றன. பிடிவாதமான பீட்டை உட்கார வைக்க அளவுக்கு மீறிக் காற்றடிப்பது டயர்க் கடையிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய வேலை. அதே சமயம், வளைவில் பக்கவாட்டு இழுப்பால் டயர் பிய்ந்து வந்துவிடும் என்ற அச்சத்துக்கு வலு குறைவு: சாய்ந்த பைக்கில் எடையும் மையவிலக்கு விசையும் சேர்ந்த மொத்த விசை ஏறத்தாழச் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது, அதனால் அந்த வகையில் பைக்கைவிடக் காரே டயரை அதிகம் வதைக்கிறது.

மழையைப் பொறுத்தவரை கார் டயரின் ஆழமான பள்ளங்களைக் காட்டி ஆதரவாளர்கள் பெருமைப்படுவதுண்டு. விமானச் சக்கரங்களை ஆராய்ந்து நாசா வகுத்த பழைய விதி ஒன்றின்படி, டயர் நீரின் மீது மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கோல்ட் விங்கின் பின்சக்கரத்துக்கு உரிய 41 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது மணிக்குச் சுமார் 107 கிலோமீட்டர். பக்கச்சுவர் நன்கு நெளியட்டும் என்று 30 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 91. பைக் டயரின் குறுகி நீண்ட தொடுபரப்பு நீரைப் படகின் முனைபோலப் பிளக்கிறது. அகன்ற பரப்பு, அதுவும் எடை குறைவாக ஏறிய பரப்பு, அந்த வேலையில் பின்தங்குகிறது. எனவே பள்ளங்களின் ஆதாயம் எவ்வளவு மிஞ்சும் என்பது நீரின் ஆழத்தைப் பொறுத்தது.

பல்லாயிரம் மைல் ஓட்டிய அனுபவத்தைப் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த மைல்களில் பெரும்பாலானவை நேரான சாலையில், மிதமான சாய்வில் கடந்தவை. டயரின் எல்லை தெரிவது எஞ்சியிருக்கும் சில நொடிகளில்தான். தேய்மானத்துக்கு விடையாக டயர் நிறுவனங்களே நடுவில் கடின ரப்பரும் ஓரங்களில் மென்ரப்பரும் வைத்த பைக் டயர்களைச் செய்கின்றன. நீண்ட தூரம் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

பைக்கின் பக்கத்தில் ஒற்றைச் சக்கரப் பெட்டியான சைடுகாரை இணைத்து ஓட்டுபவர்களிடம் இந்தச் சண்டையே கிடையாது. மூன்றாவது சக்கரம் வந்ததும் வண்டி சாய்வதை நிறுத்திவிடுகிறது, வட்ட டயர் நடுவில் மட்டும் தேய்ந்து வீணாகிறது, தட்டை டயரே பொருத்தமானதாகிறது. ஐரோப்பாவில் சிட்ரோயன் 2சிவி காரின் ஒல்லியான 15 அங்குல டயரை, அதற்கென்றே செய்த சக்கரத்தில் மாட்டி ஓட்டும் சைடுகார் வண்டிகள் நெடுங்காலமாக உண்டு. அதே வண்டியைச் சைடுகார் இல்லாமல் ஓட்ட நினைத்தால், அந்தச் சக்கரத்தையும் சேர்த்தே கழற்ற வேண்டும்.