அமெரிக்க வெள்ள வரைபடம்: கோடு எப்படி விழுகிறது, அதை எப்படி மறுக்கலாம்?

அமெரிக்காவில் வீட்டுக் கடன் கேட்டவர்களில் சிலருக்கு, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வரும்: வீடு ‘ஏஇ’ எனப்படும் வெள்ள அபாய மண்டலத்தில் இருக்கிறது, வெள்ளக் காப்பீடு எடுத்தால்தான் கடன். இதில் வங்கியிடம் வாதாடிப் பயனில்லை. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் 1968-இல் வந்தது. அபாய மண்டலத்தில் உள்ள கட்டடத்துக்குக் காப்பீடு இல்லாமல் வங்கிகள் கடன் தரக்கூடாது என்ற கட்டாயம் 1973-இல் சேர்ந்தது. மண்டலத்தைத் தீர்மானிப்பது ஃபெமா எனப்படும் பேரிடர் மேலாண்மை முகமை வெளியிடும் வரைபடம்.

எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தைத்தான் அந்த வரைபடம் அளவுகோலாகக் கொள்கிறது. கேட்பதற்குச் சிறிய எண். முப்பது ஆண்டுக் கடன் காலம் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் 26 சதவீதம் ஆகிவிடும்.

அந்த வெள்ளத்தில் ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்பதை, பல ஆண்டுகளாக அளவீட்டு நிலையங்களில் பதிவான உச்ச நீரோட்டங்களிலிருந்து கணக்கிடுகிறார்கள். அந்த நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் ஆற்றின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மாதிரி (மாடல்) வருகிறது. அதிகம் பயன்படுவது ஹெக்-ராஸ் என்ற மென்பொருள். ராணுவப் பொறியாளர் படையின் கலிபோர்னியா டேவிஸ் மையம் உருவாக்கிய இதை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆற்றுக்குக் குறுக்கே பல இடங்களில் அளந்த தரைமட்டம், பாலங்களின் திறப்பு, ஆற்றுப்படுகையின் கரடுமுரடு ஆகியவற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் நீர்மட்டம் எவ்வளவு என்று அது சொல்லும். அந்த மட்டம் தரையைத் தொடும் இடங்களை இணைத்தால் வரைபடக் கோடு.

கரடுமுரடைக் குறிக்கும் மேனிங் எண்ணைக் கவனியுங்கள். வழவழப்பான கான்கிரீட் கால்வாய்க்கு 0.013 அளவில் வரும். அடர்ந்த புதர் மண்டிய கரைக்கு 0.1 வரை போகும். எண் கூடினால் நீர் மெதுவாகும், மட்டம் உயரும், கோடு உங்கள் வாசலை நோக்கி நகரும். பழைய வெள்ளம் சுவர்களில் விட்டுச்சென்ற தடங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். ஆனாலும் எந்த எண் என்று முடிவெடுப்பது ஒரு பொறியாளரின் மதிப்பீடு. கோட்டைக் கேள்வி கேட்க இடம் இருப்பதும் இதனால்தான்.

இதே மாதிரியை இன்னொரு முறை ஓட்டுவார்கள். இரு கரையிலும் மண் கொட்டி வெள்ளச் சமவெளியை நெருக்கினால் மட்டம் ஓர் அடி உயரும் வரை எவ்வளவு குறுக்கலாம் என்று பார்ப்பார்கள். நியூ ஜெர்சியில் அந்த வரம்பு வெறும் 0.2 அடி. மிஞ்சும் நடுப்பகுதி வெள்ள வழி. அங்கே ஏதாவது கட்ட வேண்டுமானால், அதனால் வெள்ள மட்டம் உயராது என்று மாதிரியை ஓட்டிக் காட்ட வேண்டும். மனை வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

கோடு தவறு என்றால்? உங்கள் பகுதியில் வெள்ள மட்டம் 62 அடி, வீட்டை ஒட்டிய இயற்கைத் தரையின் மிகத் தாழ்ந்த புள்ளி 62.4 அடி என்று வைத்துக்கொள்வோம். உரிமம் பெற்ற சர்வேயரிடம் அளவுச் சான்றிதழ் வாங்கி, ‘லோமா’ எனப்படும் வரைபடத் திருத்தக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஃபெமாவுக்குக் கட்டணம் கிடையாது. சர்வேயர் கூலி உங்களுடையது. கடிதம் கிடைத்தால் சட்டக் கட்டாயம் நீங்கும். வங்கி விரும்பினால் அப்போதும் காப்பீடு கேட்கலாம்.

புதிய வரைபடத்தின் வெள்ள மட்டங்களை அறிவித்தால் 90 நாள் மேல்முறையீட்டுக் காலம் உண்டு. ‘இங்கே வெள்ளமே வந்ததில்லை’ என்பது செல்லாது. தரைமட்டம், பாலத் திறப்பு, நீரோட்ட அளவு என்று எது பிழை எனத் தரவோடு காட்ட வேண்டும். மனு உள்ளாட்சி வழியாகப் போகும்.

கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டியதில்லை. 2017-இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் மூழ்கிய வீடுகளில் ஏராளமானவை அபாய மண்டலத்தில் இல்லாதவை. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அரசுத் திட்டத்தில் ஒரு குடும்ப வீட்டின் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருள்களுக்கு 1,00,000 டாலர் உச்சவரம்பு. வாடகைக்கு இருப்பவரும் பொருள்களுக்கு எடுக்கலாம். பாலிசி பொதுவாக வாங்கிய 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.