எரர் கோடில் சென்சார் பெயர் வந்தால் சென்சாரை மாற்றாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. வீட்டிலேயே எதையோ கழற்றி மாட்டுவது, கோளாறு வந்ததும் எரர் கோடைப் பார்த்துப் பாகம் வாங்கிப் போடுவது, கடைசியில் என் ஒர்க்ஷாப்புக்கு வருவது என்று மூன்றிலும் கதை ஒன்றுதான் என்பதால் கடையைச் சாத்தின கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பத்து வருஷம் ஓடிய பெட்ரோல் செடான். சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் 700-க்கும் 1,200-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, செக் எஞ்சின் லைட்டும் எரிகிறது. ஓட்டி வந்த தம்பி, "அண்ணா, ஆக்ஸிஜன் சென்சார் புதுசு போட்டாச்சுங்க, த்ராட்டில் பாடியும் புதுசுங்க, அப்பவும் அதே எரர்தான் வருது" என்றார். இரண்டும் ஆன்லைனில் வாங்கியவை, சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல். (ஆக்ஸிஜன் சென்சார் எஞ்சின் புகையில் மிஞ்சுகிற ஆக்ஸிஜனை அளப்பது, த்ராட்டில் பாடி எஞ்சினுக்குப் போகிற காற்றைக் கட்டுப்படுத்துவது.) பிரச்சினை வருவதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். மறுபடி கேட்டேன், ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை கேட்டபோதுதான், ஒரு மாதம் முன்னால் வீடியோ பார்த்து த்ராட்டில் பாடியைக் கழற்றி ஸ்பிரே அடித்துத் துடைத்து மாட்டியதைச் சொன்னார். அதற்கு முன் வண்டியில் ஒரு குறையும் கிடையாது, மைலேஜ் கூடும் என்று நம்பிச் செய்திருக்கிறார்.

ஸ்மோக் மெஷினை மாட்டி, எஞ்சினுக்குக் காற்று போகிற இன்டேக்கில் புகை விட்டதும் மேனிஃபோல்டுக்கு அடியில், எஞ்சினுக்குள் சேர்கிற ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புகிற பிசிவி ஹோஸ் முழங்கை மாதிரி வளைகிற இடத்தில், நூல் போல வெள்ளையாகக் கிளம்பியது. டார்ச் அடித்து விரலால் அந்த ஹோஸை லேசாக வளைத்தால் ஒரு நகம் அளவுக்கு வெடிப்பு வாயைத் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. மேலிருந்து பார்த்தால் நல்ல ஹோஸ். பத்து வருஷம் எஞ்சின் சூட்டில் வெந்து விறைத்த ரப்பர், த்ராட்டில் பாடியைக் கழற்றும்போது இழுத்த இழுப்பில் பிளந்திருக்கிறது, அந்த வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போயிருக்கிறது. ஹோஸ் விலை சில நூறு ரூபாய்தான். மாற்றி, ஐடிலிங் ரீலேர்ன் (ஐடிலிங் கணக்கை எஞ்சின் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்குவது) செய்ததும் முள் ஒரே இடத்தில் நின்றது.

இப்போது என்னை ரொம்பவே வருத்தப்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்த வண்டியில் வந்த கோட் பி 0171. அதற்கு அர்த்தம், எஞ்சினுக்குப் போகிற கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது. அவ்வளவுதான். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அந்த கோட் எங்கேயும் சொல்லவில்லை. கலவை சரியில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னதே அந்த சென்சார்தான்! வீட்டில் கேஸ் வாசம் வருகிறது என்று பாட்டி சொன்னால் அடுப்பையும் டியூபையும் பார்ப்போமா, பாட்டியின் மூக்கைச் சோதிப்போமா? சென்சார் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால் புதியதும் அதே உண்மையைத்தான் சொல்லும். சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்றால் அதற்கென்று தனியாக பி 0135 மாதிரி கோட் வரும். அப்போதுகூட ஃபியூஸ், ஒயரிங், ஒயரை இணைக்கிற கப்ளர் மூன்றையும் பார்த்த பிறகுதான் சென்சாரில் கை வைக்க வேண்டும். ஆக, கோட் என்பது எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்கிற தகவல். எதை வாங்க வேண்டும் என்கிற பட்டியலாக அதை எடுத்துக்கொண்டு ஆர்டர் போடாதீர்கள், தயவுசெய்து.

ப்ளூடூத் ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன். எரர் கோடை மட்டும் பார்த்துவிட்டு ஆப்பை மூடாமல் லைவ் டேட்டாவில் ஃபியூயல் டிரிம்மைப் பாருங்கள். கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டுகிற எண் அது. இந்த வண்டியில் லாங் டெர்ம் டிரிம் ஐடிலிங்கில் +22, ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +4. ஐடிலிங்கில் எகிறி, ரேஸ் பண்ணினால் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் ஏர் லீக். அப்படி இல்லாமல் லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் பிரஷர், ஃபில்டர், ஏர் ஃப்ளோ சென்சார் என்று தேட வேண்டும். இது ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிற வண்டிக்குப் பொருந்தும். இன்டேக் பிரஷரை அளக்கிற மேப் சென்சாரை மட்டும் வைத்து ஓடுகிற வண்டிகளில் அதே லீக் பெரும்பாலும் ஐடிலிங் ஏறிப்போவதாகத்தான் தெரியும், கோட் வராமலும் போகலாம். இன்னொன்று, அழுக்கான த்ராட்டிலுக்கு ஏற்ற மாதிரி பழகின ஈசியூவுக்கு (எஞ்சின் கம்ப்யூட்டர்), சுத்தம் செய்ததும் பழைய கணக்கு பொருந்தாது. அதனால் கொஞ்ச நேரம் ஐடிலிங் அதிகமாகத்தான் நிற்கும், சில வண்டிகளில் ரீலேர்ன் செய்தே ஆக வேண்டும். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த பாகத்தைக் கழற்றுவதில்தான் பாதிப் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

முதல் வாரம் வந்த வண்டி இதைவிட எளிமையானது. வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றியிருக்கிறார், அன்றிலிருந்து இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, பி 0302. அவர் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலை மாற்றினார், சரியாகவில்லை. டூப்ளிகேட் காயிலோ என்று சந்தேகப்பட்டு இன்னொன்றும் வாங்கினார். புது பிளக்கில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்து அதை மட்டும் கழற்றியே பார்க்கவில்லை. கழற்றினேன். வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய கருப்புக் கீறல், கரண்ட் அந்த வழியாகத்தான் ஹெட்டுக்குப் பாய்ந்திருக்கிறது. கீழே எங்காவது போட்டீர்களா என்று கேட்டபோது, மாட்டும்போது தரையில் ஒரு தடவை விழுந்தது என்றார். விழுந்த பிளக்கை மாட்டாதீர்கள், புதிதாக இருந்தாலும் சரி. காயில் மேல் சந்தேகமா? காசு செலவில்லாத வழி இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, இரண்டாவது காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட் பி 0303 ஆக மாறினால் காயில் போச்சு. பி 0302 ஆகவே நின்றால் காயில் மேல் தப்பில்லை, பிளக்கையும் ஒயரிங்கையும் பாருங்கள்.

பிளக்கை முதலில் கையால் மட்டும் சுற்றி இறக்குங்கள். முதல் சுற்றிலேயே இறுக்கம் தெரிந்தால் திரெட் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், உடனே வெளியே எடுங்கள், ஸ்பேனர் போட்டு அழுத்தாதீர்கள். அலுமினிய ஹெட்டில் திரெட் போனால் ஹெலிகாயில் (துளைக்குள் புதுத் திரெட்டாக வைக்கிற கம்பிச் சுருள்) போட வேண்டிவரும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், வண்டிக்கு வண்டி அளவு மாறும், மேனுவலில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது காயிலைப் பிடுங்கி எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்கிற பழைய வழக்கம் இந்த வண்டிகளுக்கு ஆகாது. காயிலும் ஈசியூவும் போகலாம், உங்களுக்கும் ஷாக் அடிக்கும். சூடான எஞ்சின் மேல் ஸ்பிரே அடித்து லீக் தேடுவது தீப்பிடிக்கிற வேலை, வேண்டவே வேண்டாம்.

செக் எஞ்சின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க்ஷாப்புக்கு வரலாம். விட்டுவிட்டு மின்னினால் அது கடுமையான மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கிறது. அப்படி மின்னிக்கொண்டிருக்கும்போது, வீடு வந்துவிடும் என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு போன் செய்யுங்கள்.

ஒர்க்ஷாப்புக்கு வருவதற்கு முன் எரர் கோடை அழிக்கவும் கூடாது, பேட்டரியைக் கழற்றி மாட்டவும் கூடாது. அழித்தால் கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு வந்த நிமிஷத்தில் எஞ்சின் எவ்வளவு சூட்டில் இருந்தது, என்ன ஆர்பிஎம், என்ன வேகம் என்கிற விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அழித்துவிட்டு வந்தால் அந்தக் கோளாறு திரும்ப வரும்வரை நானும் உங்களோடு காத்திருக்க வேண்டியதுதான்.

நீங்களே வேலை பார்ப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நானும் அப்படிக் கழற்றிக் கழற்றித்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் கழற்றியதை மறைக்காதீர்கள். திட்டுவேன் என்று பயந்து மறைக்கிறீர்கள் என்று தெரியும், திட்ட மாட்டேன். எதைத் தொட்டீர்கள், எந்த ஹோஸைக் கழற்றினீர்கள், எந்த கப்ளரின் லாக் உடைந்தது, எந்த போல்ட் மிஞ்சியது என்று சொன்னால் அங்கிருந்தே தேட ஆரம்பிப்பேன், கால் மணி நேரத்தில் முடியலாம். சொல்லாவிட்டால் வண்டி முழுக்கத் தேட வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். செடான் தம்பி தன் பழைய சென்சாரைக் குப்பையில் போட்டுவிட்டார். அது வண்டியோடு வந்த ஒரிஜினல் சென்சார், கோட் வந்த நாளில்கூட அது ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.