மச்சிசுக்குரி: தமிழில் எப்படிச் சொல்வது?

ஜப்பானில் தெருக்கூட்டம் முதல் மாநகராட்சி அலுவலகம் வரை புழங்கும் ஒரு சொல் மச்சிசுக்குரி. ஒரு வட்டாரத்தில் குடியிருப்பவர்களே ஒன்றுகூடி, தங்கள் தெருவும் பூங்காவும் வீடுகளும் எப்படி இருக்க வேண்டும் என்று பேசி முடிவெடுத்து, அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக்கிக்கொள்வதற்குத்தான் இந்தப் பெயர். தமிழில் இதுபோன்றவற்றைப் ‘பங்கேற்புத் திட்டமிடல்’ என்று எழுதிவிடுகிறோம். இந்தச் சொல்லுக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். மச்சி என்றால் ஊர், பேட்டை, கடைத்தெரு. த்சுக்குரி என்றால் செய்தல், ஆக்குதல். தனியாக நிற்கும்போது த்சுக்குரியின் முதல் எழுத்து சுனாமியின் முதல் எழுத்தைப் போல வன்மையாக ஒலிக்கும். மச்சியோடு சேர்ந்ததும் மென்மையாகிவிடும். நமக்கு இது புதிதில்லை. ‘காய்’ என்று தனியே சொல்லும்போது வரும் ககரமும் ‘மாங்காய்’ என்னும்போது வரும் ககரமும் ஒன்றா என்ன?

த்சுக்குரிக்கு மூலமான த்சுக்குரு என்ற வினைச்சொல்லை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேசை செய்வதற்கும் அந்த வினைதான், சமைப்பதற்கும் அதுதான், நெல் விளைவிப்பதற்கும் அதுதான். கைபடச் செய்வது, பொறுமையாக விளைய வைப்பது என்ற சாயல் அதில் உண்டு. தமிழிலும் ‘பயிர் செய்தல்’ என்கிறோம். நன்செய், புன்செய் என்று நிலத்துக்கே ‘செய்’ என்று பேர் வைத்திருக்கிறோம்.

மச்சியை எழுதச் சீன எழுத்துகள் இரண்டு உண்டு. ஒன்றில் வயலைக் குறிக்கும் பகுதி இருக்கிறது. ஊர், பேட்டை என்ற பொருளுக்கு அதை எழுதுவார்கள். மற்றது கடைகள் நிறைந்த தெருவைக் குறிக்கும். மச்சிசுக்குரி என்று எழுதும்போது பெரும்பாலும் இரண்டையும் விட்டுவிட்டு, குழந்தைகள் முதலில் கற்கும் ஹிரகானா எழுத்திலேயே எழுதுகிறார்கள். கட்டடமும் தெருவும் மட்டும் இல்லை, அங்கே வாழும் வாழ்க்கையும் சேர்ந்ததுதான் மச்சி என்று காட்டுவதற்காக.

இதற்கு எதிரே நிற்கும் சொல் தோஷி கெய்க்கக்கு, அதாவது நகரத் திட்டம். இது சீன மூலச் சொற்களால் ஆனது. அலுவலக வாடை அடிக்கும், ‘நகர நிர்மாணம்’ என்று நம் பழைய அரசுத் தாள்களில் வரும் தொனி. 1919-இல் வந்த நகரத் திட்டச் சட்டப்படி முடிவுகளெல்லாம் மேலே மத்திய அரசிடம்தான் இருந்தன. 1968-இல் வந்த புதுச் சட்டம் மாகாண ஆளுநர்களுக்கும் நகராட்சிகளுக்கும் அதிகாரத்தை இறக்கிக் கொடுத்தது. தெருவில் இருப்பவர் வரை அது அப்போதும் வந்து சேரவில்லை.

தெருவில் இருப்பவர்கள் தாங்களாகவே தொடங்கிய இடங்களில் ஒன்று, கோபே மாநகரின் நகாட்டா வார்டில் உள்ள மனோ. சுமார் 40 ஹெக்டேர் பரப்பு. வரிசை வீடுகளும் சிறு தொழிற்சாலைகளும் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடந்த இடம். 1960-களில் புகையும் நாற்றமும் தாங்காமல் மக்கள் போராடத் தொடங்கினார்கள். தொழிற்சாலை வெளியேறிய மனையைப் பூங்காவாக்கினார்கள், மரம் நட்டார்கள், அப்புறம் முதியோரைக் கவனிக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டார்கள். 1980-இல், 20 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் பேட்டை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களே ஒரு திட்டம் எழுதி முடித்தார்கள்: எங்கே வீடுகள், எங்கே தொழிற்சாலைகள், எந்தத் தெரு அகலமாக வேண்டும். 1981-இல் கோபே மாநகராட்சி மச்சிசுக்குரிக்கென்றே தனி விதி இயற்றி, இப்படிப்பட்ட குழுக்களுக்கு அங்கீகாரம் கொடுத்தது. அடுத்த ஆண்டே தோக்கியோவின் செட்டகாயா வார்டும் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5:46. கோபேயை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நகாட்டாவில் தெருத் தெருவாகத் தீ பரவியது. மனோவிலும் தீப்பிடித்தது. அங்கே வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றினார்கள் குடியிருப்பவர்கள். பக்கத்தில் இருந்த மிட்சுபோஷி பெல்ட்டிங் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவும் குழாயோடு வந்து சேர்ந்தது. தீ மேற்கொண்டு பரவாமல் நின்றது. ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த தெரு அது. 30 ஆண்டுகளாகச் சேர்ந்து கூட்டம் போட்டதன் பலன் அன்றைக்குத் தெரிந்தது.

சரியாக இரண்டு மாதம் கழித்து, மார்ச் 17 அன்று, இடிந்துபோன வேறு பல பகுதிகளுக்கு, மனைகளையும் தெருக்களையும் மாற்றி வகுக்கும் நிலச் சீரமைப்புத் திட்டங்களை அதிகாரிகள் முடிவு செய்தார்கள். மக்கள் பலர் இன்னும் முகாம்களில் இருந்தார்கள். கோபம் வெடித்தது. விவரங்களை மக்களோடு பேசித் தீர்மானிப்போம் என்று அரசு இறங்கிவர வேண்டியிருந்தது. அதற்காக நூறையொட்டிய எண்ணிக்கையில் மச்சிசுக்குரிக் குழுக்கள் உருவாயின.

சொல் பெருகப் பெருக அதன் பொருளும் நீர்த்துப்போனது. 1998-இல் இயற்றிய மூன்று சட்டங்களுக்கு ‘மச்சிசுக்குரிச் சட்டங்கள்’ என்றே பேர் விழுந்தது. அவற்றில் ஒன்று பெருங்கடைகள் எங்கே அமையலாம் என்பது பற்றியது. இன்று கட்டுமான நிறுவனங்களின் விளம்பரத்தில்கூட இந்தச் சொல் வருகிறது. அதனால்தான் தமிழாக்கத்தில் கவனம் வேண்டும் என்கிறேன்.

‘பங்கேற்பு’ என்றால் வேறு யாரோ நடத்துவதில் போய்க் கலந்துகொள்வது. மனோவில் நடந்தது அதற்கு நேர்மாறு. ‘வட்டார மேம்பாடு’ என்றால் மக்களே காணாமல் போகிறார்கள். குடிமராமத்து நெருங்கி வருகிறது. ஏரியையும் வாய்க்காலையும் ஊரே கூடிப் பழுதுபார்த்த வழக்கம் அது, நம் மண்ணில் புழங்கிய சொல். ஆனால் மராமத்து என்பது இருப்பதைப் பழுதுபார்ப்பது. இனி எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதில் அடங்காது.

என் பரிந்துரை: ஊராக்கம். ஊர் என்றால் தமிழில் இடம் மட்டும் இல்லை, மனிதர்களும்தான். ‘ஊர் கூடித் தேர் இழுத்தது’ என்றால் கூடியது யார்? ஆக்குதல் என்பதோ சோறாக்குகிற கையின் சொல். ‘ஆக்கம்’ என்பதற்குச் செல்வம், வளர்ச்சி என்ற பழம்பொருளும் உண்டு. ஊரை ஆக்குவது, ஊர் ஆக்குவது என்று இரண்டு விதமாகவும் விரிக்கலாம். செய்பவரும் ஊர், செய்யப்படுவதும் ஊர்.

புழங்கவும் எளிது. மச்சிசுக்குரிக் குழுவை ஊராக்கக் குழு என்றும், கோபேயின் 1981 விதியை ஊராக்க விதி என்றும் எழுதலாம். ‘மனோ மக்கள் 1960-களிலேயே ஊராக்கத்தில் இறங்கினார்கள்’ என்று எழுதிப் பாருங்கள், அடைப்புக்குறி போட்டு விளக்கம் தரத் தேவைப்படாது.