பிரேக்கியல் பிளெக்ஸஸ்: கை நரம்புப் பின்னல்

பைக் விபத்தில் அடிபட்டவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில், தலைக்காயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் கீழே 'பிரேக்கியல் பிளெக்ஸஸ் இஞ்சுரி' என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் யாருக்கும் அது புரியாது. கை தூக்க வரவில்லை என்பதால் 'வாதம்' என்று அவர்களே பெயர் வைத்து, எண்ணெய் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். பக்கவாதம் மூளையில் வருவது. இது கழுத்துக்கும் அக்குளுக்கும் இடையில், கைக்குப் போகும் நரம்புகளில் நேர்ந்த காயம். காலம் தாழ்த்தினால் கை போய்விடும் என்பதால், சரியான பெயர் தெரிந்திருப்பது அவசியம்.

'பிரேக்கியல்' மேற்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்து லத்தீன் வழியாக வந்தது. 'பிளெக்ஸஸ்' லத்தீன், பின்னப்பட்டது என்று பொருள். பின்னல் என்ற சொல் நம்மிடம் தயாராகவே இருக்கிறது. முன்பாதிக்குத்தான் யோசிக்க வேண்டும். 'புயம்' எழுத்தில் வாழ்கிறது, நோயாளியின் வாயில் இல்லை. 'தோள்' என்றால் மூட்டுக்காயம் என்று நினைத்துவிடுவார்கள். தமிழில் 'கை' என்பது தோளிலிருந்து விரல்நுனி வரை எல்லாவற்றையும் அடக்கும். இந்தப் பின்னல் வேலை செய்வதும் அந்த நீளம் முழுவதற்கும்தான். ஆகவே 'கை நரம்புப் பின்னல்' என்பதே என் தேர்வு.

'நரம்பு' என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. 'நரம்பு எழுந்து உலறிய நிரம்பா மென்தோள்' என்று புறநானூற்று 278ஆம் பாடல் ஒரு முதியவளைச் சொல்லும்போது, தோலின் மேல் புடைத்துத் தெரிபவற்றையே நரம்பு என்கிறது. இன்றும் 'நரம்பு ஊசி' என்றால் ரத்தக்குழாயில் போடும் ஊசிதான். யாழின் தந்தியும் நரம்பே. மருத்துவத்தில் நரம்பு என்பது மூளையின் கட்டளையைத் தசைக்கும், தொடு உணர்வை மூளைக்கும் கொண்டுபோவது. இதை நோயாளியிடம் ஒருமுறை விளக்கிவிட வேண்டும்.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 5, 6, 7, 8ஆம் நரம்பு வேர்களும் மார்புப் பகுதியின் முதல் வேரும் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து கைக்குள் இறங்குகின்றன. அதனால் ஒரு வேர் போனாலும் பல தசைகள் தளரும். மேல் வேர்கள் போனால் தோளும் முழங்கை மடக்கும் போகும். கீழ் வேர்கள் போனால் விரல்பிடி போகும்.

வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபடுவதே பெரும்பாலும் காரணம். படுகாயம் அடைந்தவர் வென்டிலேட்டரில் மயக்கத்தில் இருப்பார். உயிரைக் காப்பதே முதல் வேலை. கை அசையவில்லை என்று சொல்ல அவரால் முடியாது. மற்ற கைகால்கள் அசையும்போது ஒரு கை மட்டும் துவண்டு கிடந்தால் சந்தேகப்பட வேண்டும். அதே பக்கத்துக் கண்ணிமை சரிந்து கண்மணி சுருங்கியிருந்தால், கீழ் வேர் பிடுங்கப்பட்டிருக்கலாம். மேற்கை எலும்பு முறிந்து மணிக்கட்டு தொங்குவது வேறு. அது பின்னலுக்கு அப்பால் ஒரு கிளையில் பட்ட அடி.

காயத்தின் அளவைச் சொல்ல 1943இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் செடன் மூன்று படிகளை வகுத்தார். 'நியூராப்ராக்ஸியா' என்றால் நரம்பு அறாமல் செயல் மட்டும் நின்றிருக்கிறது, செயல்தடை எனலாம். 'ஆக்சோனோட்மெசிஸ்' உள்ளிழை அறுவது, உறை மிஞ்சியிருக்கும். 'நியூரோட்மெசிஸ்' முழு அறுவு. இவை தவிர 'அவல்ஷன்' ஒன்று உண்டு, தண்டுவடத்திலிருந்தே வேர் பிய்ந்து வருவது. அதற்கு 'வேர் பிடுங்கல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டியதில்லை.

அறுந்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். நரம்பில்லாத தசையோ ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்தில் மீட்க முடியாதபடி கெட்டுவிடும். தானாகத் திரும்பாத கைக்கு 3 முதல் 6 மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்வது இதனால்தான். அறுந்த இடத்தில் காலிலிருந்து எடுத்த நரம்பை வைத்துத் தைப்பது 'நரம்பு ஒட்டு'. பிடுங்கிய வேரில் ஒட்ட இடமில்லை; அங்கே நல்ல நரம்பிலிருந்து சில இழைகளைத் திருப்பிவிடுவார்கள். அது 'நரம்பு மாற்றம்'. விரல்களுக்குப் போகும் அல்நார் நரம்பின் இழைக்கற்றையை முழங்கை மடக்கும் தசைக்குத் திருப்பும் முறையை 1994இல் பிரான்சின் ஓபர்லின் வெளியிட்டார். மேல் வேர்களை மட்டும் இழந்தவர்கள் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும் அளவுக்கு முழங்கையை மடக்க அது இன்றும் உதவுகிறது.